ஆற்றில் குளிக்கப் போனவர்

இதற்குக் கூடாரம் என்று பெயர். ஒரு பச்சைத் துணி, வளைகிற இரண்டு கம்பி, தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. உள்ளே போக முட்டி போட வேண்டும், வெளியே வர முதலில் தலையை நீட்ட வேண்டும், ஆமை மாதிரி. ஐம்பத்தாறு வயதில், சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகத் துறைக்குத் தலைவியாக இருந்துகொண்டு, காவிரிக் கரையில் நான் ஆமையாகியிருக்கிறேன். இவர் குளிக்கப் போயிருக்கிறார். அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால், நீர்மருது மரம் சாய்ந்து தண்ணீரைத் தொடுகிற இடத்தில். முனகிக்கொண்டிருக்கிறார். பாட்டு என்று சொல்லக் கூடாது, வார்த்தையே கிடையாது, மூக்கால் ஒரு ம்ம்ம், ஏறும், இறங்கும், ஏறின இடத்துக்கே மறுபடி வரும். வீட்டுக் குளியலறையிலும் இதேதான். கல்யாணமான மறுநாள் காலையில் கதவுக்கு அந்தப் பக்கம் முதல் தடவை கேட்டபோது, உள்ளே யாருக்கோ வலிக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது. சிரிப்பு எத்தனை நாள் தாங்கும். ஒரே நகைச்சுவையை முப்பது வருஷமாகக் காலையில் கேட்டால் அது நகைச்சுவையா. இங்கே கதவுகூட இல்லை. காடு முழுக்க இவருடைய குளியலறை. ஆறு என்னவோ தன்பாட்டுக்கு ஓடுகிறது, பாவம், அதற்கும் காது இருந்தால் வேறு பக்கமாகப் போயிருக்கும். நெருப்பில் சோறு வேகிறது. வேகிறது என்று நம்புகிறேன். மூன்று கல், நடுவில் புகை. விறகு ஈரம். ஈர விறகு என்று பார்த்ததும் சொன்னேன், “இல்ல வத்சலா, காஞ்சதுதான், தட்டிப் பாரு, சத்தம் வருது” என்றார். சத்தம் எல்லாவற்றிலும் வரும். என் தலையைத் தட்டினாலும் வரும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பல் டாக்டர். சதானந்தம். பல்லைப் பிடுங்குகிற மனுஷனுக்குப் பல்லோடு நிறுத்திக்கொள்ளத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓய்வு பெற்றவர்களை உட்காரவைத்து ஆதி வாழ்க்கை என்று பேசுகிறார். இவர் மின்வாரியத்தில் கடைசி நாள் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டின கையோடு ஆரம்பித்தார்: முதலில் மாடித் தோட்டம், தக்காளி இரண்டு காய்த்தது. அப்புறம் புல்லாங்குழல், கீழ்வீட்டுக்காரர்கள் வந்து கேட்டுக்கொண்டதன் பேரில் அது நின்றது. அப்புறம் சதானந்தம். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். “மனுஷன் மறந்துட்டான் மேடம்” என்றார் டாக்டர். எதை என்றேன். “மண்ணை.” நான் மறக்கவில்லை, தினமும் வீடு பெருக்குகிறேன் என்றேன். மண்டபத்தில் நாலு பேர் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்ப்பார். பதில் எல்லாம் செருப்பில் எழுதியிருக்கிற மாதிரி. டாக்டரின் குழுவோடு காட்டில் தங்கப் போகலாம் என்றுதான் இருந்தது, அப்புறம் என்ன நினைத்தாரோ, நாம் ரெண்டு பேர் மட்டும் போவோம் என்றார். எதற்கு என்றேன். சும்மா என்றார். இவர் வாழ்க்கையில் சும்மா என்று சொன்னது எதுவும் சும்மா இருந்ததில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அஞ்செட்டி தாண்டி ஜீப்பில் குலுங்கி, அங்கிருந்து பரிசலில் சுற்றிச் சுற்றி, தலையும் சுற்றி, நேற்று சாயங்காலம் இங்கே இறங்கினோம். பரிசல்காரர் முனிராஜ் போகிறபோது சொல்லிவிட்டுப் போனார், “ஆத்துல முதல இருக்குதுங்க, ஆழத்துக்குப் போவாதீங்க, நாளன்னிக்குக் காலைல வரேன்.” முதலை என்றதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பண்டிகைக்குப் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்த மாதிரி. கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். பையைத் திறந்து கையளவு ஒரு மண்வெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். நகைக்கடைக்காரன் வளையலை நீட்டுகிற பக்குவத்தோடு வைத்தார். ராத்திரி முதுகுக்குக் கீழே ஒரு கல், கல்லைத் தள்ளினால் ஒரு வேர். நான் விழித்தே கிடந்தேன். இவர் தூங்கினார். எங்கே போட்டாலும் தூங்குவார், மூட்டை மாதிரி.

காலையில் முதலையைப் பார்த்தோம். எதிர்க்கரை மணல்திட்டில் கிடந்தது. நான் மரக்கட்டை என்றேன், அது வாயைத் திறந்தது, திறந்தபடியே வைத்துக்கொண்டது, ஒரு அவசரமும் இல்லாமல். இவர் கையைத் தட்டினார். உண்மையாகவே கையைத் தட்டினார், அறுபது வயதுக்காரர். நான் இரண்டடி பின்னால் வந்தேன், ஆனால் பயம் என்று சொன்னால் அப்புறம் இரண்டு நாளும் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருப்பார், அந்தத் தண்டனை வேண்டாம் என்று, “உங்க சதானந்தத்தைக் கூப்பிடுங்க, பல்லு நெறைய இருக்கு” என்றேன். அது நல்ல பதில். இப்போது நினைத்தாலும் நல்ல பதில்தான். இவர் செருப்பைப் பார்த்தார். இப்போது அந்த மணல்திட்டில் ஒன்றும் இல்லை. வெறும் மணல். சாயங்கால வெயில் அதன்மேல் மஞ்சளாகக் கிடக்கிறது. எப்போதிலிருந்து இல்லை? சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. அடியில் பிடிக்கிற வாசனை வருகிறது, கரண்டியால் கிளறுகிறேன், சாம்பல் பறந்து சோற்றில் விழுகிறது, ஆதி மனிதன் சாம்பலோடுதான் தின்றிருப்பான், தின்னட்டும். சோறு, சாம்பல், எறும்பு, ம்ம்ம். ம்ம்ம் இல்லை.

ம்ம்ம் எப்போது நின்றது?

நின்றிருக்கிறது. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்கிறது. இவ்வளவு நேரம் அது இத்தனை பெரிய சத்தமாக இருந்ததா, அல்லது முனகல் அதை மறைத்துக்கொண்டிருந்ததா. சரி, சோப்பு போடுகிறார், முகத்துக்குச் சோப்பு போடும்போது வாயை மூடித்தானே ஆக வேண்டும். முனகுவது மூக்கால். மூக்கால் என்றாலும் சோப்பு மூக்கிலும் போகும். சரி, இப்போது ஆரம்பிப்பார். இதோ. மேலே ஏதோ பறவை இரும்பைத் தட்டுகிற மாதிரி கத்துகிறது, அதையும் நிறுத்திவிட்டது. நான் எழுந்து போகமாட்டேன். இவருக்குத் தேடப்படுவது பிடிக்கும். ஒரு தடவை திருவண்ணாமலையில் தீபக் கூட்டத்தில் காணாமல் போனார். பையன் பிரசன்னா இடுப்பில், தோளில் ஒரு பை, நான் போலீஸ்காரரிடம், மைக் வைத்திருந்தவரிடம், கரும்பு விற்கிறவளிடம் எல்லாம் அடையாளம் சொல்லிக்கொண்டு அலைந்தேன், அடையாளம் என்று சொல்ல இவரிடம் என்ன இருக்கிறது, நடுத்தர உயரம், நடுத்தர நிறம், நடுத்தர எல்லாம். கடைசியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். “நீ தேடி வந்துடுவேன்னு தெரியும், அதான் ஒரே எடத்துல இருந்தேன்” என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி தேடுவதில்லை என்று. ஆகவே உட்கார்ந்திருக்கிறேன். சோற்றுப் பானையை இறக்கிவைக்கிறேன். மூடியைப் போடுகிறேன். எடுத்துவிட்டு மறுபடி போடுகிறேன்.

கூப்பிட்டுப் பார்க்கலாம். என்னவென்று கூப்பிடுவது. என்னங்க என்றால் காட்டில் எந்த மிருகமும் திரும்பிப் பார்க்கும். கருணாகரன் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, இப்போது அதற்காகக் கூப்பிட்டு இவர் சாவகாசமாகத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து என்ன வத்சலா, பயந்துட்டியா என்று கேட்டால் அந்த முகத்தை யார் பார்ப்பது. அப்படியும் இல்லாமல் நிஜமாகவே. நிஜமாகவே என்றால் என்ன செய்வது. செல்போனில் ஒரு கோடுகூடக் கிடையாது. பரிசல் நாளைக்குத்தான். பிரசன்னா பூனாவிலிருந்து வர வேண்டும், அவனிடம் எப்படிச் சொல்வது, அப்பாவை முதலை என்று ஆரம்பித்தால் அவன் முதலில் சிரிப்பான், நான் எப்போதும் அப்பாவைப் பற்றி எதையாவது சொல்லி அவனைச் சிரிக்கவைத்துத்தானே பழக்கம். துக்கம் கேட்க வருகிறவர்கள் வாசலில் முகத்தைச் சரிசெய்துகொண்டு வருவார்கள். எப்படி ஆச்சு என்பார்கள். முதலை என்பேன். கல்லூரி ஸ்டாஃப் ரூமில் யாருமே ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள், பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். மாரடைப்பு வரலாம், சர்க்கரை வரலாம், ஸ்கூட்டரிலிருந்து விழலாம், சேலத்துக்காரன் கௌரவமாகச் சாக எத்தனையோ வழி இருக்க, சாவில்கூட என்னைத் தலைகுனிய வைக்க வேண்டுமா. நாளிதழில் படம் போடுவார்கள், அந்த அடையாள அட்டைப் படம், அதில் ஒரு கண் பாதி மூடியிருக்கும். எந்தப் படத்திலும் ஒரு கண் பாதி மூடியிருக்கும். இடது கண். நான் நடந்துகொண்டிருக்கிறேன். எப்போது எழுந்தேன்? செருப்பு போடவில்லை, மணல் சுடுகிறது, வெள்ளத்தில் வந்து காய்ந்த முள் ஒன்று குதிகாலில் ஏறுகிறது, நிற்க நேரமில்லை, ஓடவும் முடியவில்லை, மணலில் ஓடுவது கனவில் ஓடுகிற மாதிரி, இடத்திலேயே கால் புதைகிறது, கையில் கரண்டி. முதலையைக் கரண்டியால் அடிக்கப்போகிறாளாம் துறைத் தலைவி.

மருத மரத்தின் வேர் என் தோள் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கப் போனவளுக்குக் குரல் கேட்டது. இவர் குரல். உயிரோடுதான் இருக்கிறார், பேசிக்கொண்டிருக்கிறார். அப்படியே வேரில் சாய்ந்தேன். அப்புறம் கோபம் வந்தது, யாரோடு பேச்சு, இந்த வனாந்தரத்தில் எவன் அகப்பட்டான். எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. கணுக்கால் தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார். முதுகு, தோள், தலை எல்லாம் சோப்பு. நுரை காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது, போட்டு வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. பாறையோடு பேசுகிறார்.

“வத்சலா, நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாம கேளு.”

நின்றார். தலையை ஆட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“வத்சலா, உன்மேல எனக்குக் கோவம் எதுவும் கெடையாது. அத மொதல்ல சொல்லிடறேன். எனக்கு இனிமே தனியா இருக்கணும்னு தோணுது. மேச்சேரி வீட்டுல ஆள் இல்ல, காலியாத்தான் கெடக்கு. அங்க போய் இருந்துக்கலாம்னு இருக்கேன். விவாகரத்து, கோர்ட்டு அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். தனியா இருக்கணும், அவ்வளவுதான்.”

அப்புறம் குரலை மாற்றினார். கொஞ்சம் மேலே ஏற்றி, ஒவ்வொரு வார்த்தையையும் நறுக்கி நறுக்கி, “ஓஹோ, போங்களேன். அங்க யாரு காப்பி போட்டுக் குடுப்பா, உங்க சதானந்தமா?” என்றார். என் குரல். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே, நான் நிற்கிற மாதிரி கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து. உடனே பழைய குரலுக்கு இறங்கி, “காப்பி நானே போட்டுக்குவேன் வத்சலா. போடக் கத்துக்கிட்டேன்” என்றார். மறுபடி என் குரல்: “இந்த வயசுல ஊர் சிரிக்கும்.” “சிரிக்கட்டும். நீ சிரிச்சதவிடவா.” இந்த இடத்தில் நிறுத்தி, இல்லை, இது வேண்டாம் என்கிற மாதிரி கையை அசைத்து அழித்துவிட்டு, “சிரிக்கட்டும், பழகிடுவாங்க” என்று திருத்திக்கொண்டார். என் குரல்: “பிரசன்னாகிட்ட நீங்களே சொல்லுங்க, என்னால முடியாது.” “சொல்லிட்டேன். போன மாசமே சொல்லிட்டேன்.”

திரும்பி நடந்தேன். கரண்டியை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. முதலில் தோன்றியது, என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்காது என்பதுதான். ஆண்கள் பெண்குரலில் பேசினால் எல்லாமே கீச்சு. அப்புறம், நறுக்கி நறுக்கிப் பேசுவது வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக, அது தெரியாதா இந்த மனுஷனுக்கு. கழுத்தைச் சாய்ப்பது, அது நான் சாய்ப்பதே இல்லை. இப்போது சாய்ந்திருக்கிறது. நிமிர்த்தினேன். பிரசன்னாவுக்குத் தெரியும். ஒரு மாதமாகத் தெரியும். ஞாயிறு தவறாமல் போனில் பேசினான், சாப்பிட்டியாம்மா என்றான், அப்பா எப்படி இருக்கார் என்றான், நான் புல்லாங்குழலைச் சொன்னேன், பல் டாக்டரைச் சொன்னேன், அவன் முன்னே மாதிரி சிரிக்கவில்லை, நான் நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்தேன். சரி. போகட்டும். மேச்சேரிக்கோ எங்கேயோ. இவர் அப்பா காலத்து வீடு, சமையலறைக் கூரை ஒழுகும், எலி, வாசலில் கிணறு, கிணற்றில் தண்ணீர் கிடையாது. ஒரு வாரம் தாங்கமாட்டார். வருவார், செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் வரவிடக் கூடாது, அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும், இவர் வாயைத் திறக்கிறதற்குள். நீங்க மேச்சேரிக்குப் போறீங்களா, நான் எப்பவோ அனுப்பியிருக்கணும். இல்லை, அதற்குப் பதில் வைத்திருப்பார். நான் என்ன கொறை வச்சேன் என்று கேட்கலாம், சே, அது சீரியலில் கேட்பது, அதற்கும் வைத்திருப்பார். இங்க கூட்டிட்டு வந்து இதச் சொல்லணுமா, வீட்டுல சொல்ல வாய் இல்லையா. வீட்டுல சொன்னா நீ ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவ, இங்க கதவு இல்ல. ஆமாம், அதைத்தான் சொல்வார். எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அதன் மறுபுறத்தில் இவர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி. இவ்வளவு நாளும் காதில் விழவில்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரிடம் பேசுகிறேன் என்று இவரிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஒன்றுகூட விடாமல் கேட்டிருக்கிறார். என் வகுப்பில் இத்தனை வருஷத்தில் ஒரு பெண்கூட என்னை இப்படிப் பாடமாகக் கேட்டதில்லை. சோறு ஆறுகிறது. முள் இன்னும் குதிகாலில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டும், குனிந்தால் கண்ணில் நீர் வருகிறது, புகை, ஈர விறகுப் புகை, தட்டினால் சத்தம் வருகிற விறகு.

இவர் வந்தார். இடுப்பில் துண்டு, கையில் சோப்பு டப்பா. அவசரமாக ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார், தலையிலிருந்து சொட்டுகிறது, கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் நுரை அப்படியே இருக்கிறது. நான் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்றார். உட்காரவில்லை. தொண்டையைச் செருமினார்.

“வத்சலா, நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாம...”

“பயந்துட்டேன்,” என்றேன். இதை நான் எடுத்துவைத்திருக்கவில்லை. வேறு எதையோதான் எடுத்துவைத்திருந்தேன், காப்பியைப் பற்றி. “உங்க சத்தம் நின்னு போச்சு. அந்த மணல்ல அது இல்ல. முதலதான்னு நெனச்சுட்டேன்.”

 இவர் வாய் திறந்தபடி இருக்கிறது. பாறை இதைச் சொல்லியிருக்காது. இவர் முகத்தில் ஒவ்வொன்றாக அவிழ்வதைப் பார்த்தேன், புருவம், தாடை, இத்தனை நேரம் முறுக்கி வைத்திருந்த தோள். சோப்பு டப்பாவைக் கீழே வைத்தார். “ஐயோ, நீ பயப்படுவியா,” என்றார், “அட, நான் இங்கதானே...” என்று என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். கையை என் பாதத்துக்குக் கொண்டுவந்து, தொடலாமா என்று தெரியாமல் நடுவில் நிறுத்தினார். “முள்ளா? ஆழமா?” எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை இன்னும் சொன்னால் போதும். இன்னும் ஒரு தடவை பயந்துட்டேன் என்றால் போதும், மேச்சேரி வீடு அப்படியே பூட்டிக் கிடக்கும், நாளைக்குப் பரிசலில் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போவோம், அடுத்த ஞாயிறு நான் பிரசன்னாவுக்கு முதலைக் கதையைச் சொல்வேன். இவ்வளவுதானா இவர். இவ்வளவு ஒத்திகையும் ஒரு முள்ளுக்கு முன்னால் நிற்காதா. எனக்கு வந்தது இரக்கம் இல்லை. எரிச்சல்தான். சொல்ல வந்ததை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லத் தெரியாத மனுஷன்.

“என்னமோ சொல்ல வந்தீங்களே,” என்றேன்.

“ஒண்ணுமில்ல. அப்பறம் பேசிக்கலாம். சோறு ஆச்சா?”

“இல்ல. சொல்லுங்க.”

செருப்பைப் பார்க்கக் குனிந்தார். செருப்பு போட்டிருக்கவில்லை. வெறும் பாதம், அதில் மணல். “உன்மேல எனக்குக் கோவம் கெடையாது வத்சலா,” என்றார். நிறுத்தினார். “எனக்கு இனிமே...” நிறுத்தினார். காத்திருந்தேன். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இவர் உதடு அடுத்த வார்த்தையைத் தேடித் தேடி மூடிக்கொண்டது. எனக்குத் தெரிந்த வார்த்தை.

“தனியா இருக்கணும்னு தோணுது,” என்று எடுத்துக் கொடுத்தேன். “மேச்சேரி வீட்டுல.”

மெதுவாக நிமிர்ந்தார். இடது கண் பாதி மூடியிருந்தது, மற்றது முழுக்கத் திறந்து என்னைப் பார்த்தது. 

“கேட்டியா?”

“காதுக்குப் பின்னால சோப்பு அப்படியே இருக்கு,” என்றேன். “போய் ஒழுங்கா ஊத்திக்கிட்டு மிச்சத்தையும் சொல்லுங்க.”

 இவர் எழுந்து, கூடாரத்துக்கு நேர் எதிரே, கணுக்கால் தண்ணீரில் இறங்கினார். நானும் நொண்டிக்கொண்டே போய்க் கரையில் நின்றேன். இவரைப் பார்க்கவில்லை, இவருக்கு அப்பால் தண்ணீரைத்தான் பார்த்தேன், சின்னதாக ஏதாவது அசைந்தால் தெரிகிற மாதிரி. கையால் மொண்டு மொண்டு கழுத்தில் ஊற்றிக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே, எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நான் பேசவில்லை. பாறையிடம் இதைவிட நன்றாகச் சொல்லியிருந்தார்.